மேக்ஸ்வெல்லின் பம்பரம்

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு மேடை அலங்காரம் செய்யுற வேலை எங்க கேங் தலையில் விழுந்தது. நிறம் மாறுற விளக்கு வேணும், கடையில் வாங்க பட்ஜெட் இல்லை, சரி நாமளே செஞ்சுடலாம்னு இறங்கினோம். வயரிங்கும் கோடும் என் பொறுப்பு. ஒரு அர்டுயினோ ஊனோ, நாலு கால் வெச்ச ஆர்.ஜி.பி. எல்.இ.டி. ஒண்ணு, மூணு ரெசிஸ்டர். நீளமான காலை கிரவுண்டில் குத்தினேன். மத்த மூணு காலையும் ஆளுக்கொரு 220 ஓம் ரெசிஸ்டர் வழியா 9, 10, 11 பின்களில் கொடுத்தேன். மூணு பின்னுக்கும் 255 எழுதி அப்லோடு பண்ணினேன். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் முழுசா எரிஞ்சா வெள்ளை வரணும். வந்தது. எனக்கு அது வெள்ளையாத்தான் தெரிஞ்சது.

ரூம்மேட்டைக் கூப்பிட்டுப் பெருமையா காட்டினேன். ஏன் இது நீச்சல்குளத் தண்ணி மாதிரி நீலமும் பச்சையுமா இருக்குன்னு கேட்டான். அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா, சிவப்புக் காலில் நான் போட்டிருந்தது 220 ஓம் இல்லை, 2.2 கிலோ ஓம். 220க்கு வளையம் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. 2.2 கிலோவுக்கு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அந்தக் கடைசி வளையம் எனக்கு ரெண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. இப்பவும் அப்படித்தான் இருக்கு.

கண் டாக்டர் புள்ளிப் புள்ளியா நம்பர் ஒளிச்சு வெச்ச படங்களைக் காட்டினார். பாதிப் படத்தில் எனக்கு நம்பரே இல்லை. சிவப்பைப் பார்க்கிற உணர்வு பிறவியிலேயே குறைவாம். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சு, 21 வயசில்தான் இது எனக்குத் தெரியுது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இது என்ன பிரச்சினை, இதை முதலில் யார் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தேடித் தேடிப் படிச்சதில் ஒரு பழைய பேர் வந்து நின்னது. நாலாவது செமஸ்டரில் நாலு சமன்பாட்டைக் கொடுத்து நம்ம எல்லாரையும் அழ வெச்ச அதே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

அந்த நாலு சமன்பாட்டுக்கு முன்னாடியே அவர் கையில் ஒரு பம்பரம் இருந்திருக்கு. அந்தக் கதைதான் இது.

மேக்ஸ்வெல் 1831 ஜூன் 13 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், இந்தியா தெரு என்ற பேர் கொண்ட தெருவில் பிறந்தார். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமப்புறப் பண்ணை வீட்டில். ஒரே பிள்ளை. பூட்டு, சாவி, வீட்டு மணிக்குப் போகிற கம்பி என்று கண்ணில் பட்ட எதையும் விடமாட்டார். இது எப்படி வேலை செய்யுது என்று கேட்பார். மேலோட்டமாக ஒரு பதில் சொன்னால் போதாது, குறிப்பாக இது எப்படி என்று மறுபடி கேட்டு நச்சரிப்பார்.

எட்டு வயதில் அம்மா இறந்துபோனார். வயிற்றுப் புற்றுநோய். அதுவரை பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அம்மாதான். பிறகு வந்த டியூஷன் வாத்தியார் பையனை மந்தம் என்று முடிவு கட்டி அடித்தார். விஷயம் தெரிந்ததும் அப்பா அவரை நிறுத்திவிட்டு, பத்து வயதில் மகனை எடின்பரோவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்பாவுக்கும் எதையாவது தானே வடிவமைக்கிற கிறுக்கு உண்டு. மகனின் சட்டையையும் ஷூவையும்கூட அவரே டிசைன் செய்திருந்தார். முதல் நாளே மற்ற பையன்கள் சூழ்ந்துகொண்டு கிண்டல் செய்ய, பையன் கிழிந்த சட்டையோடு வீடு திரும்பினான். கிராமத்துப் பேச்சு, விநோத உடுப்பு, வெட்கம். கிறுக்கன் என்ற பொருளில் ஒரு பட்டப்பேரும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கிறுக்கன் 14 வயதில் ஒரு கணிதக் கட்டுரை எழுதினான். குண்டூசியும் நூலும் வைத்து நீள்வட்டம் வரைவோமே, அதையே மாற்றி மாற்றிச் சுற்றி வேறு வகை முட்டை வடிவ வளைகோடுகளை வரையும் முறை அது. 1846இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. எழுதியவர் ரொம்பச் சின்னப் பையன் என்பதால் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் அவருக்குப் பதிலாகப் படித்தார்.

இந்த ஃபோர்ப்ஸ்தான் நம்ம கதையில் முக்கியமான ஆள். மேக்ஸ்வெல் 16 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், தன் லேபில் இஷ்டத்துக்கு நோண்ட அவருக்கு அனுமதி கொடுத்தார். அங்கே இருவரும் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். வட்டமான தட்டில் பல நிறக் காகிதங்களைத் துண்டு துண்டாக ஒட்டி வேகமாகச் சுற்றுவது. வேகம் கூடினால் கண்ணுக்குத் தனித்தனி நிறம் தெரியாது, கலந்து ஒரே நிறமாகத் தெரியும்.

நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை. சின்ன வயசில் டிராயிங் வகுப்பில் நாம எல்லாரும் கத்துக்கிட்டதுதான். ஃபோர்ப்ஸும் அதையே எதிர்பார்த்து நீலத்தையும் மஞ்சளையும் சுற்றினார். பச்சை வரவில்லை. லேசாக இளஞ்சிவப்பு கலந்த ஒரு சாம்பல் நிறம் வந்தது.

ஏன்? பெயிண்டைக் கலக்கும்போது ஒவ்வொரு பெயிண்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுகிறது. ரெண்டும் விழுங்காமல் விட்ட மிச்சம்தான் நம்ம கண்ணுக்கு வருகிறது. நீலமும் மஞ்சளும் விட்டுவைக்கிற மிச்சம் பச்சை. ஆனா சுற்றுகிற தட்டில் அப்படி இல்லை. முதலில் நீல ஒளி கண்ணுக்கு வருது, அடுத்த கணம் மஞ்சள் ஒளி வருது, ரெண்டும் கண்ணுக்குள் கூடுது. ஒன்று கழித்தல், இன்னொன்று கூட்டல். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டவர் மேக்ஸ்வெல். ஓவியர்களின் சிவப்பு, மஞ்சள், நீலத்தை விட்டுவிட்டு, சிவப்பு, பச்சை, நீலத்தை எடுத்தார். ஆர்.ஜி.பி.யின் ஜி அங்கேதான் உள்ளே வந்தது.

1850இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1854இல் அங்கே கணிதத்தின் பெரிய தேர்வில் இரண்டாம் இடம். முதலிடம் ரௌத் என்பவருக்கு. (கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ரௌத் டேபிள் போட்டிருப்பீங்களே, அதே ரௌத்!) பரீட்சை முடிந்ததும் பம்பரத்தை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை ஒழுங்கான ஒரு கருவியாகவே செய்தார்.

அமைப்பு ரொம்ப எளிமை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வட்டக் காகிதங்கள். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாக ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால், எந்த நிறம் எவ்வளவு தெரியணும் என்பதை நகர்த்தி மாற்றிக்கொள்ளலாம். பம்பரத்தின் விளிம்பில் 100 கோடுகள். மூன்றுக்கும் மேலே, நடுவில், வெள்ளையும் கறுப்புமாக ரெண்டு சின்ன வட்டங்கள். சுற்றினால் வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு சாம்பல். இரண்டும் வித்தியாசமே தெரியாமல் ஒன்றாகும்வரை நிறுத்தி, நகர்த்தி, மறுபடி சுற்றணும். பொருந்தியதும் விளிம்பில் எண்ணைப் படிக்கணும்.

அவருக்குக் கிடைத்த ஒரு கணக்கு இது: சிவப்பு 37, நீலம் 27, பச்சை 36. இந்த மூன்றும் சேர்ந்தால், வெள்ளை 28, கறுப்பு 72 சேர்ந்த சாம்பலுக்குச் சமம். நிறம் என்பது ரசனை, கவிதை என்று இருந்த இடத்தில், கூட்டினால் 100 வருகிற ஒரு சமன்பாடு வந்துவிட்டது.

இதைப் படிச்சப்ப எனக்கு உடனே பி.டபிள்யூ.எம். ஞாபகம் வந்தது. அர்டுயினோவால் 9ஆம் பின்னில் பாதி வோல்டேஜ் கொடுக்க முடியாது. முழுசா ஆன், இல்லன்னா முழுசா ஆஃப், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அனலாக்ரைட்டில் 127 எழுதினால், விநாடிக்குச் சுமார் 490 தடவை எல்.இ.டி.யை ஏற்றி அணைக்கிறது, பாதி நேரம் எரியுது, பாதி நேரம் அணைஞ்சிருக்கு. கண்ணால் அந்த வேகத்தைப் பிரிக்க முடியாததால் பாதி வெளிச்சம்னு எடுத்துக்குது. மேக்ஸ்வெல் காகிதத்தின் அகலத்தை நகர்த்தினார், நாம டியூட்டி சைக்கிளை நகர்த்துறோம். அவருக்கு 100 பங்கு, நமக்கு 0 முதல் 255 வரை. வேலை ஒண்ணுதான்.

ஆனா என்னை உட்கார வெச்சது அடுத்த பகுதி. மேக்ஸ்வெல் அதே பம்பரத்தை நிறக்குருடு உள்ளவர்களிடமும் காட்டினார். எந்த நிறத்தையும் பொருத்த மற்றவர்களுக்கு மூன்று நிறம் தேவைப்பட்டது. இவர்களுக்கு இரண்டே போதுமாக இருந்தது. கண்ணுக்குள் மூன்று வகை உணர்வு இருக்கலாம் என்று தாமஸ் யங் என்பவர் 1802இலேயே ஊகித்திருந்தார். அந்த ஊகத்துக்கு மேக்ஸ்வெல் எண்களைக் கொடுத்தார். அந்த மூன்றில் ஒன்று இல்லாததுதான் நிறக்குருடு, அது புத்திக் குறைவோ கவனக் குறைவோ இல்லை என்பது அந்த எண்களிலிருந்தே தெரிந்தது. சிவப்புச் சேனல் ஒழுங்கா இல்லாத என் கண்ணுக்கு, சிவப்புச் சேனல் மங்கின எல்.இ.டி. ஏன் வெள்ளையாத் தெரிஞ்சதுன்னு எனக்கும் அங்கேதான் புரிஞ்சது. சர்க்யூட்டில் இருந்த அதே ஃபால்ட் என் கண்ணிலும் இருக்கு. அப்புறம் எப்படி நான் அதைக் கண்டுபிடிப்பேன்?

மேக்ஸ்வெல் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. தன் சோதனைக்கு வந்த ஒருவரிடம் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டையும் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டையும் கொடுத்தார். அந்த மனிதரால் எது சிவப்பு, எது பச்சை என்றே நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஆனால் அவற்றின் வழியாகப் பார்த்ததும், சிவப்புப் பொருள் ஒன்றில் பளிச்சென்றும் மற்றதில் இருட்டாகவும் தெரிய, அதுவரை குழம்பிய நிறங்களைச் சரியாகச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்குப் பச்சையுமாக ஒரு மூக்குக்கண்ணாடியே செய்ய வைத்தார் மேக்ஸ்வெல். இதையெல்லாம் 1855இல் கட்டுரையாக எழுதும்போது அவருக்கு வயது 23.

அடுத்த வருஷம் அடி விழுந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும் என்று ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஒரு பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். வேலை கிடைப்பதற்குள், 1856 ஏப்ரலில், அப்பா இறந்துபோனார். வேலை மட்டும் கிடைத்தது. சனிக்கோளின் வளையங்கள் எண்ணற்ற சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டி ஆடம்ஸ் பரிசு வாங்கினார். கல்லூரி முதல்வரின் மகள் கேத்தரினை 1858இல் கல்யாணம் செய்துகொண்டார்.

1860இல் அபர்டீனில் இருந்த இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கினார்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு பேராசிரியர்கள், இடம் ஒன்று. மேக்ஸ்வெல்லை அனுப்பிவிட்டார்கள். ஆமாம், மேக்ஸ்வெல்லை! எடின்பரோவில் குரு ஃபோர்ப்ஸின் இடம் காலியாக, அதற்குப் போட்டார். அது பள்ளிக்கூட நண்பர் டெய்ட்டுக்குப் போனது. மேக்ஸ்வெல் பெரிய மூளைதான், ஆனால் வகுப்பில் பாடம் நடத்தும்போது சாதாரண மாணவனுக்குப் புரியாது என்பது பரவலான பேச்சு. அதே வருஷம் பெரியம்மை வந்து சாகக் கிடந்தார். கேத்தரின்தான் பக்கத்தில் இருந்து பார்த்துப் பிழைக்க வைத்தார். 29 வயதில் இத்தனையும். பிளேஸ்மென்ட் சீசனில் ரெண்டு ரிஜெக்ஷன் மெயில் வந்ததுக்கே சாப்பிடாமல் படுத்த நான், இந்த வருஷக் கணக்கை ரெண்டு தடவை படிச்சேன்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. நிற ஆராய்ச்சிக்காக 1860இலேயே ரம்ஃபோர்ட் பதக்கமும் வந்தது. லண்டன் வீட்டு மாடியில் எட்டடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். காகித நிறத்துக்குப் பதிலாக, சூரிய ஒளியையே பிரிசத்தால் பிரித்து, வேண்டிய நிறங்களை மட்டும் துவாரங்கள் வழியாகக் கலந்து பார்க்கும் பெட்டி. ஜன்னல் ஓரம் மணிக்கணக்கில் சவப்பெட்டி மாதிரி ஒன்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்றே நினைத்தார்களாம்.

அந்தப் பெட்டிக்குள் இன்னொருவரும் பார்த்தார். கட்டுரையில் அளவுகள் ஜே, கே என்று இரண்டு பேர் பெயரில் இருக்கின்றன. ஜே என்பது ஜேம்ஸ். கே என்பது கேத்தரின். ரெண்டு பேரின் கண்ணும் ஒரே அளவைக் காட்டவில்லை, கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. எது சரி என்று அவர் அடித்துத் திருத்தவில்லை, இரண்டையும் அப்படியே பதிந்தார். நிறத்தை நாம் பார்க்கும் விதத்துக்கான ஆரம்பகால அளவுகளில் பாதி ஒரு பெண்ணின் கண் கொடுத்தது. அவர் பேர் ஒற்றை எழுத்தாக நிற்கிறது.

1861 மே 17 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் மேக்ஸ்வெல் ஒரு டெமோ காட்டினார். கட்டம் போட்ட ஸ்காட்டிஷ் ரிப்பன் ஒன்றை தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரரை வைத்து மூன்று முறை படம் எடுத்திருந்தார். சிவப்பு வடிகட்டி வழியாக ஒன்று, பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த மூன்றையும் அதே வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தபோது ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது. உலகின் முதல் வண்ணப் புகைப்படங்களில் ஒன்று. இன்னைக்கு உங்க போன் திரையின் ஒவ்வொரு பிக்சலும் இந்த வேலையைத்தான் செய்யுது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுக்குச் சிவப்பு ஒளி பதியவே பதியாது. அப்படியானால் சிவப்புப் படம் எப்படி வந்தது? 100 வருஷம் கழித்து 1961இல் கோடாக் ஆராய்ச்சியாளர்கள்தான் விடை சொன்னார்கள். அந்த ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் பிரதிபலித்தது, அது சிவப்பு வடிகட்டியையும் தாண்டி வந்து தகட்டில் பதிந்தது. அதாவது கோடில் தப்பு இருந்தும் அவுட்புட் சரியா வந்துடுச்சு! மேக்ஸ்வெல்லுக்கு இது கடைசிவரை தெரியாது. ஆனால் அவர் சொன்ன தத்துவம் சரிதான்.

இதே லண்டன் வருஷங்களில்தான் நம்ம சிலபஸ் எழுதப்பட்டது. மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் போனால் என்ன வேகத்தில் போகும் என்று கணக்குப் போட்டார். விநாடிக்குச் சுமார் 3,10,000 கிலோமீட்டர் வந்தது. அன்று ஒளிக்கு அளந்திருந்த ஒரு வேகம் சுமார் 3,14,000. இவ்வளவு நெருக்கம் தற்செயலாக இருக்காது, ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்று முடிவுக்கு வந்தார். நிறத்தை அளக்கக் கிளம்பியவர், நிறம் எதனால் ஆனது என்பதையும் சொல்லிவிட்டார்.

1865இல் வேலையை விட்டுவிட்டு கிளென்லேர் போய் அமைதியாக எழுதினார். 1868இல் நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பற்றி எழுதிய கட்டுரைதான் கன்ட்ரோல் தியரிக்கு ஆரம்பம். 1871இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம் தொடங்க ஆள் தேடினார்கள். வில்லியம் தாம்சனைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸைக் கேட்டார்கள், அவரும் வரவில்லை. மூன்றாவதாகத்தான் மேக்ஸ்வெல். வந்து, கட்டடத்தின் திட்டத்திலிருந்து கருவிகள் வரை தானே பார்த்துச் செய்து, 1874இல் திறக்க வைத்தார். எலக்ட்ரானைப் பிறகு கண்டுபிடித்தது அந்த லேபில்தான்.

கடைசி வருஷங்களில் கேத்தரினுக்கு உடம்பு அடிக்கடி படுத்தது. பெரியம்மையில் அவர் பார்த்துக்கொண்டதுபோல இவர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு இவருக்கே வந்தது. அம்மாவைக் கொண்டுபோன அதே வயிற்றுப் புற்றுநோய். 1879 நவம்பர் 5 அன்று கேம்பிரிட்ஜில் இறந்தார். வயது 48. கிளென்லேருக்குப் பக்கத்தில் பார்ட்டன் கிராமத்துச் சர்ச்சில் அப்பா அம்மாவோடு புதைத்தார்கள், பின்னாளில் கேத்தரினையும் அங்கேயே. அவர் சொன்ன மின்காந்த அலையை ஹெர்ட்ஸ் லேபில் உண்டாக்கிக் காட்டியது ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து. அதைப் பார்க்க அவர் இல்லை.

சிம்போசியத்துக்கு விளக்கு எரிஞ்சது. 2.2 கிலோவைக் கழட்டிட்டு 220 போட்டேன், எல்லா ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்து பேப்பர் ஒட்டி நம்பர் எழுதி வெச்சேன். கோடில் 37, 36, 27 என்ற அந்தப் பழைய பங்கை 255க்கு மாத்தி, சிவப்பு 94, பச்சை 92, நீலம் 69 போட்டுப் பார்த்தேன். எல்.இ.டி.யின் நிறம் வேற, அவர் காகிதத்தின் நிறம் வேற, அதனால் சுத்தமா பொருந்தாது. அப்புறம் ரூம்மேட் உட்கார்ந்து, சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் குறைன்னு சொல்லச் சொல்ல நான் நம்பரை மாத்தினேன். அவனுக்கு வெள்ளைன்னு தோணினப்ப நிறுத்தினோம். ஜே, கே மாதிரி எங்க கோடின் கமென்ட்டில் ரெண்டு பேர் எழுத்தும் இருக்கு.

பரிசுப்பொருள் சுத்துற கலர் கண்ணாடித் தாளில் சிவப்பும் பச்சையும் ஒவ்வொரு துண்டு வாங்கி பாக்ஸில் வெச்சிருக்கேன். அது வழியாப் பார்த்தா அந்தக் கடைசி வளையத்தில் வித்தியாசம் தெரியுது. வீட்டில் இன்னும் சொல்லல. இந்த வாரம் ஊருக்குப் போறப்ப அந்த எல்.இ.டி.யையும் எடுத்துட்டுப் போறேன். அதை எரிய வெச்சுக் காட்டிட்டு சொல்லணும்.

ஜூனியர்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு. லேபில் யாராவது ரெசிஸ்டரை மாத்திப் போட்டால், கவனமே இல்லையான்னு கத்துறதுக்கு முன்னாடி, அந்த வளையம் அவங்களுக்கு என்ன நிறமாத் தெரியுதுன்னு ஒரு தடவை கேளுங்க.